பால் ஒத்துக்கொள்ளாதோரும் வீட்டுப் பாற்பசுவும்

பாற்பசு ஒன்று வீட்டில் நிற்பதால் வயலுக்கு எருவும், கைக்குச் சிறிது காசும், பிள்ளைகளுக்குப் பாலும் கிடைக்கும் என்பதை நெற்செய்கையாளருக்கும் தோட்டக்காரருக்கும் நாம் ஓயாது எடுத்துக் கூறி வருகின்றோம். அதிற் பிழை எதுவும் இல்லை. ஆனால், அதனை எடுத்துக் கூறும்போது நான் ஒருமுறை பிழைவிட்டேன். அப்பிழையின் விளைவைக் கண்ட பின்னரே இவ்விடயத்தைச் சற்று ஆழமாகக் கற்க வேண்டுமென்ற எண்ணம் எனக்கு உண்டாயிற்று. ஆகவே, அதனை முதலிற் சொல்லிவிடுகின்றேன்.

குளத்து நீரைக் கொண்டு இரு போகமும் விதைக்கும் குடியேற்றக் கிராமம் ஒன்றிற் சிறுபோக விதைப்புக்கு முன்னர் கமக்காரர் அமைப்பின் கூட்டம் நடைபெற்றது. பாலுற்பத்தி பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு என்னைக் கேட்டனர். கமத்தொழிற் பாடசாலையிற் படித்தவை மனத்தில் நின்றபடியாற் பாலின் சிறப்புகளை வரிசையாகச் சொன்னேன். முடிவில், "கறக்கும் பால் முழுவதையும் சேகரிப்பு நிலையத்துக்கு அனுப்பிவிடாதீர்கள், வீட்டிலுள்ள எல்லோரும் காலையில் வெறுவயிற்றில் ஒரு பெரிய கோப்பை பால் குடியுங்கள்" என்று அறிவுரையும் கூறினேன். வெறுவயிற்றில் என்று ஏன் சொன்னேன் என்பது இன்றும் எனக்கு விளங்கவில்லை. பேச்சுக்கு அழகாக இருந்திருக்கும் போலும்.

மூன்று கிழமை கழித்து வாய்க்கால் ஓரமாகப் போகையிற் பெரியவர் ஒருவர் என்னை மறித்தார். "தம்பி, நீங்கள் சொன்னபடி பால் குடித்தேன். வயிறு ஊதி இரையத் தொடங்கிவிட்டது. வரம்பு கட்டப் போனவன் நாலுதரம் வீட்டுக்கு ஓட வேண்டி வந்தது. என்னுடைய அப்புவுக்கும் இப்படித்தான். எங்கள் பரம்பரைக்குப் பால் ஆகாது" என்றார். எனக்கு அன்று வேறு வேலை இருந்தது. "அப்படியானால் விட்டுவிடுங்கள், ஐயா" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளிற் போய்விட்டேன்.

அவர் நான் சொன்னதை ஒழுங்காகவே செய்தார். தாம் விட்டதோடு நில்லாமல், பரம்பரைக்கே ஆகாது என்ற எண்ணத்தில், தாய்ப்பால் மறந்த பேரப்பிள்ளைக்கும் பசுப்பாலை நிறுத்திவிட்டார். பிள்ளைக்கு அப்போது இரண்டு வயதும் நிரம்பவில்லை. வீட்டிற் கறந்த பால் முழுவதும் சேகரிப்பு நிலையத்துக்குப் போயிற்று. பிள்ளைக்குத் தேங்காய்ப்பாலிற் சீனி கரைத்துக் கொடுக்கப்பட்டது. இரண்டு மாதம் சென்று கிளினிக்கில் நிறுத்தபோது, பதிவேட்டில் அதன் நிறைக்கோடு ஏறாமற் படுத்துக் கிடந்தது. குடும்பநல உத்தியோகத்தராகிய அம்மையார் காரணம் கேட்க, "விவசாயப் போதனாசிரியர் சொன்னவர்" என்று விடை வந்திருக்கின்றது. அம்மையார் என்னைத் தேடி வந்து கேட்ட கேள்விகளுக்கு என்னிடம் விடை இருக்கவில்லை. எல்லோரும் குடியுங்கள் என்று சொன்னது ஒரு பிழை. அப்படியானால் விட்டுவிடுங்கள் என்று சொன்னது அதனினும் பெரிய பிழை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள வழியையே இப்பிரசுரம் விளக்குகின்றது.

பால்வெல்லமும் குடலும்

பாலில் நீர், கொழுப்பு, புரதம், உப்புக்கள் ஆகியவற்றோடு இலற்றோசு எனப்படும் பால்வெல்லமும் உண்டு. பசுப்பாலில் நூறு பங்குக்கு ஏறக்குறைய ஐந்து பங்கு இவ்வெல்லமாகும். 250 மில்லிலீற்றர் கொள்ளும் பெரிய கோப்பை ஒன்றில் ஏறக்குறைய 12 கிராம் இருக்கும். நாம் பால் விற்கும் போத்தல் அளவிற் சொன்னால், 750 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றில் 35 கிராமுக்கு மேல் உண்டு.

பால்வெல்லம் உள்ளபடியே இரத்தத்திற் சேர்வதில்லை. சிறுகுடலின் உட்சுவரிற் சுரக்கும் இலற்றேசு என்னும் நொதியம் அதனைக் குளுக்கோசு, கலற்றோசு என இரண்டாகப் பிரித்த பின்னரே உடல் அதனை ஏற்கும். தாய்ப்பால் குடிக்கும் குழந்தையிடம் இந்நொதியம் நிறைய உண்டு. பால்குடி மறந்த பின்னர் இது படிப்படியாகக் குறைகின்றது. மாடு வளர்ப்போருக்கு இது விளங்காத செய்தியன்று. கன்று பால் குடிக்கும் காலத்தில் அதன் குடல் பாலுக்கென அமைந்திருக்கின்றது. புல் மேயப் பழகிய பின்னர் அவ்வமைப்பு மாறுகின்றது. பாலூட்டும் விலங்குகள் எல்லாவற்றுக்கும் பொதுவான விதி இது. மனிதரும் பெரும்பாலும் இவ்விதிக்கு உட்பட்டவர்களே. உலகில் வளர்ந்தவர்களுள் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் இவ்வாறு நொதியம் குறைந்தவர்கள்.

வளர்ந்த பின்னும் நொதியம் குறையாதவர்களே விதிவிலக்கு. நெடுங்காலம் மாடு மேய்த்துப் பாலையே முக்கிய உணவாகக் கொண்ட மக்களிடையே, குறிப்பாக வட ஐரோப்பாவிலும் ஆபிரிக்காவின் சில பகுதிகளிலும் வடமேற்கு இந்தியாவிலும், இவ்விதிவிலக்குப் பரம்பரையாக வந்திருக்கின்றது. ஐரோப்பியரிடம் காணப்படும் இம்மரபு வேறுபாட்டை 2002 ஆம் ஆண்டிற் பின்லாந்து ஆராய்ச்சியாளர் இனங்கண்டனர். பாலை எந்நாளும் எவ்வயதிலும் எவ்வளவும் குடிக்கலாம் என்ற போதனை இத்தகைய நாடுகளிற் பிறந்து, பாடப்புத்தகங்களின் வழியே நம்மிடம் வந்து சேர்ந்தது என்பது என் எண்ணம். அதை அப்படியே ஒப்புவித்தவர்களுள் நானும் ஒருவன்.

நொதியம் போதாதபோது பிரிக்கப்படாத பால்வெல்லம் பெருங்குடலுக்குப் போகின்றது. அங்கே அது நீரைத் தன்பால் இழுத்துக்கொள்ளும். அங்கு வாழும் பற்றீரியாக்கள் அதனைப் புளிக்கச் செய்வதால் ஐதரசன், காபனீரொட்சைட்டு முதலிய வாயுக்கள் உண்டாகும். வயிறு ஊதுதல், இரைச்சல், பிடித்திழுக்கும் வலி, இளகிய மலம் ஆகிய யாவும் இவற்றால் விளைவனவே. பால் குடித்து அரை மணி முதல் இரண்டு மணி நேரத்துள் இவை பெரும்பாலும் தோன்றும். இது தொற்றுநோயன்று, குடலைப் புண்ணாக்குவதுமன்று. ஆளுக்குப் பெருந்தொல்லை தந்தாலும், உடலுக்குக் கேடு விளைப்பதில்லை.

வேறு காரணங்களைப் பிரித்தறிதல்

வயிற்றுக் குழப்பம் எல்லாவற்றையும் பாலின் தலையிற் போட்டுவிடக் கூடாது. மலத்தோடு இரத்தம் போதல், காரணமின்றி மெலிதல், காய்ச்சல், இரவில் நித்திரையிலிருந்து எழுப்பும் வயிற்றோட்டம் ஆகியவை பால்வெல்லத்தின் குறிகளல்ல. இவை காணப்படின் தாமதியாது வைத்தியரிடம் செல்லல் வேண்டும்.

இன்னொன்று பாலொவ்வாமை. இது பாலிலுள்ள புரதத்தால் வருவது. பெரும்பாலும் சிறு குழந்தைகளிடம் காணப்படுவது. தோலிற் தடிப்பு எழும்பும். உதடும் முகமும் வீங்கும். சிலவேளை மூச்சு முட்டும். இத்தகையோருக்குத் துளிப் பாலும் ஆபத்தாகலாம். கீழே சொல்லப்படும் தயிர், மோர் முறைகள் எவையும் அவர்களுக்குப் பொருந்தா. பால்வெல்லம் ஒத்துக்கொள்ளாதவருக்கு அளவே கேள்வி. பாலொவ்வாமை உடையவருக்கு அளவென்பதே இல்லை. இவ்வேறுபாட்டை நன்கு மனத்திற் கொள்க.

கடும் வயிற்றோட்டத்துக்குப் பின்னர் குடலின் உட்சுவர் நலிந்து, சில கிழமைகளுக்கு நொதியம் குறைந்திருப்பதும் உண்டு. குடல் தேறியதும் இது தானே சரியாகிவிடும். ஆகவே, ஒருமுறை வயிற்றோட்டம் வந்த பிள்ளைக்குப் பாலே ஆகாதென்று முடிவு கட்டுதல் தவறு.

ஐயத்தைத் தீர்க்க எளிய வழி ஒன்றுண்டு. வளர்ந்தவர் ஒருவர் இரண்டு கிழமை பால், பால்மா, ரின்பால், ஐஸ்கிறீம் யாவற்றையும் நிறுத்திப் பார்க்க வேண்டும். குழப்பம் தீர்ந்தபின் மீண்டும் சிறிது பால் அருந்திப் பார்க்க வேண்டும். தொல்லை திரும்பி வந்தாற் காரணம் பெரும்பாலும் பால்வெல்லமே. மூச்சில் வெளிப்படும் ஐதரசனை அளந்து உறுதி செய்யும் பரிசோதனையும் வைத்தியத்தில் உண்டு. எனினும் பெரும்பாலோருக்கு அது தேவைப்படுவதில்லை. நிறுத்திப் பார்க்கும்போது பிஸ்கற்று, இனிப்புப் பண்டம் ஆகியவற்றின் உறைகளையும் வாசிக்க வேண்டும். பால்மா சேர்ந்த பண்டங்கள் நாம் நினைப்பதைவிட அதிகம்.

எவ்வளவு தாங்கும்?

பால் ஒத்துக்கொள்ளாது என்பவர்களுட் பலருக்குச் சிறிதளவு பால் எந்தத் தொல்லையும் தருவதில்லை. 2010 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவகங்கள் கூட்டிய நிபுணர் குழு, நொதியம் குறைந்தோரிற் பெரும்பாலானோர் ஒரே தடவையில் ஏறக்குறைய 12 கிராம் பால்வெல்லத்தைத் தொல்லையின்றியோ சிறு தொல்லையோடோ தாங்குவர் எனக் கூறியது. அதாவது ஒரு பெரிய கோப்பை. வெறுவயிற்றில் இதனினும் குறைவாகவே தாங்கும். சோற்றோடு சேர்த்து உண்டால், இரைப்பையிலிருந்து பால் மெல்ல மெல்ல இறங்குவதாற் கூடுதலாகத் தாங்கும். நம் பெரியவர் குடித்தது வெறுவயிற்றில், ஒரே மூச்சில். அவரை அவ்வாறு குடிக்கச் சொன்னவன் நான்.

தேநீரிற் கலக்கும் பால்மாவையும் கணக்கிட்டுப் பார்ப்போம். கொழுப்பு நீக்காத பால்மாவில் நூறு கிராமுக்கு ஏறக்குறைய 38 கிராம் பால்வெல்லம். குவித்த இரண்டு தேக்கரண்டி, அதாவது ஏறக்குறைய 10 கிராம் பால்மா, நாலு கிராமுக்குட்பட்ட பால்வெல்லத்தையே தரும். ஒரு கோப்பைத் தேநீர் பெரும்பாலோருக்கு ஒன்றும் செய்யாதிருப்பது இதனாலேதான். இடைவெளியின்றி மூன்று கோப்பை குடிப்பவர் கதை வேறு. கொழுப்பு நீக்கிய பால்மாவில் நிறைக்கு ஏறக்குறைய அரைவாசி பால்வெல்லமாதலால், இளைப்பதற்கென்று அதற்கு மாறியவர்கள் வயிறு குழம்புவதைக் கண்டு வியக்க வேண்டியதில்லை.

ஆட்டுப்பால் ஆகும், மாட்டுப்பால் ஆகாது என்ற கூற்றை ஊர்தோறும் கேட்கின்றேன். ஆட்டுப்பாலிலும் எருமைப்பாலிலும் பால்வெல்லம் ஏறக்குறைய அதே அளவே. ஆட்டுப்பால் ஒத்துக்கொண்டது என்பவர் அதனைச் சிறு கிண்ணத்தில் அளவாகக் குடித்திருப்பார். நல்ல பலனைத் தந்தது ஆடன்று, கிண்ணமே.

தொல்லை மிகுந்தவர் முதலில் கால் கோப்பையைச் சாப்பாட்டோடு எடுத்து, சில நாட்களுக்கு ஒருமுறை சிறிது சிறிதாகக் கூட்டிப் பார்க்கலாம். நொதியம் கூடப்போவதில்லை, பெருங்குடலின் பற்றீரியாக்களே பழகிக்கொள்ளும். பால்வெல்லம் நீக்கிய பாலும், நொதிய மாத்திரையும் நகரக் கடைகள் சிலவற்றிற் கிடைக்கின்றன. காசுள்ளவர் வாங்கலாம். சட்டியும் உறைமோரும் உள்ள வீட்டுக்கு அவை வேண்டியதில்லை.

தயிரும் மோரும்

பாலைத் தயிராக்கும்போது உறையிலுள்ள பற்றீரியாக்கள் பால்வெல்லத்தை உண்டு, அதனைப் புளிப்பாக மாற்றுகின்றன. இதனாற் பால்வெல்லத்தில் நாலிலொரு பங்கு அல்லது அதற்குச் சற்று மேல் குறைந்துவிடும். அம்மட்டோடு பயன் முடிவதில்லை. அப்பற்றீரியாக்களிடம் பால்வெல்லத்தைப் பிரிக்கும் நொதியம் உண்டு. தயிரோடு அவை உயிருடன் வயிற்றுட் சென்று, எஞ்சிய பால்வெல்லத்தையும் சிறுகுடலில் நமக்காகப் பிரித்துக் கொடுக்கின்றன. ஒரு கோப்பைப் பால் தாங்காதவர் ஒரு கோப்பைத் தயிரை இலகுவிற் தாங்குவது இக்காரணத்தால். பழஞ்சோற்றுக்கு மோரும் வெங்காயமும் பச்சைமிளகாயும் சேர்த்துக் குடித்துவிட்டு வயலுக்கு இறங்கிய நம் மூத்தோர், இந்நொதியத்தின் பெயரை அறிந்திலர். ஆயினும் அதனை நாள்தோறும் பயன்படுத்தினர்.

தயிர் போடுதல் எல்லா வீட்டிலும் தெரிந்ததே. எனினும் பால் ஒத்துக்கொள்ளாதவருக்காகப் போடும்போது கவனிக்க வேண்டியவை சில உண்டு. பாலை நன்கு காய்ச்சிப் பொங்கவிட்டு இறக்கி, விரல் வைத்தாற் பொறுக்கும் இளஞ்சூட்டுக்கு ஆற விட வேண்டும். இதனினும் சூடாயிருக்கையில் உறை ஊற்றினாற் பற்றீரியா செத்துவிடும்; முற்றாக ஆறியபின் ஊற்றினால் உறைய நெடுநேரம் எடுக்கும். ஒரு லீற்றருக்கு இரண்டு தேக்கரண்டி நல்ல தயிரைக் கரைத்து ஊற்றிக் கலக்கி, கழுவி வெயிலிற் காயவைத்த மண்சட்டியில் வார்த்து மூடி, அடுப்பங்கரையிற் காற்றுப்படாத இடத்தில் ஓரிரவு வைக்க வேண்டும். உறைந்ததும் உடனே உண்ணாது இன்னும் சில மணி நேரம் விட்டால் புளிப்பு ஏறும். புளிப்பு ஏறுமளவுக்குப் பால்வெல்லம் குறையும். மிகவும் இளகிய வயிறுடையவர், தயிரைத் துப்புரவான துணியிற் கட்டித் தொங்கவிட்டு நீரை வடித்துவிட்டு உண்ணலாம். கரைந்த பால்வெல்லம் அந்நீரோடு பெரும்பகுதி போய்விடும். வடிந்த நீரை வீசாமல் மாட்டுக்கு வைக்கலாம்.

எருமைப்பாற் தயிர் கட்டியாக உறைவதால் வயிற்றுக்குக் கடினமென்று சிலர் ஒதுக்குவர். பால்வெல்லத்தைப் பொறுத்தவரை அதற்கும் பசுத்தயிருக்கும் பெரிய வேறுபாடில்லை. எருமைத்தயிரிற் கொழுப்பும் கல்சியமும் கூட. கடையில் வாங்குவதாயின் திகதியைப் பார்த்து வாங்குதல் நன்று.

மோரைக் குழம்பாக்கிக் கொதிக்க வைத்தால் உயிருள்ள பற்றீரியாக்கள் இறந்துபோகும். சுவைக்குக் குறைவிராது, பால் ஒத்துக்கொள்ளாதவருக்கு உதவி குறையும். ஆதலால், குழம்பை இறக்கி ஆறவிட்ட பின்னர் மோரைச் சேர்க்கப் பழகுக. நெய்யிற் பால்வெல்லம் அனேகமாக இல்லை என்றே சொல்லலாம். வெண்ணெயில் மிகச் சிறிதளவே. முதிர்ந்த கட்டிப் பாற்கட்டியிலும் அவ்வாறே. ரின்பாலோ பால்வெல்லமும் சீனியும் ஒருங்கே செறிந்தது. அது யாருக்கும் பாலுக்கு ஈடன்று.

ஈடாவனவும் ஆகாதனவும்

2021, 2022 ஆம் ஆண்டுகளிற் பால்மாவுக்காகக் கடைவாசலில் வரிசையில் நின்றதை எவரும் மறந்திருக்க முடியாது. அக்காலத்திற் பாலுக்குப் பதிலாக எதையெல்லாமோ கரைத்துக் குடித்தோம். வெண்ணிறமாயிருப்பன எல்லாம் பாலாகிவிடா என்பதை அப்போதே எடுத்துச் சொல்லியிருக்க வேண்டும்.

தேங்காய்ப்பாலிற் கொழுப்பு மிகுதி. புரதம் குறைவு; கல்சியம் மிகமிகக் குறைவு. கறிக்கும் சொதிக்கும் அது சிறந்தது. கோப்பையில் ஊற்றிக் குழந்தைக்குக் கொடுத்தால், வயிறு நிரம்பும்; எலும்பும் தசையும் வளர்வதற்கு வேண்டியவை கிடையா. நாம் கண்ட பிள்ளையின் நிறைக்கோடு ஏறாதிருந்ததன் காரணம் அதுவே. அரிசிக் கஞ்சியின் நீரும் இவ்வாறானதே. ஓட்ஸ், பாதாம் ஆகியவற்றிலிருந்து செய்து பெட்டியில் அடைத்து வரும் பானங்கள் விலையுயர்ந்தவை. அவற்றைப் பற்றி இங்கு விரித்துரைக்கத் தேவையில்லை.

புரதத்திற் பாலுக்கு அருகில் நிற்பது சோயா அவரை ஒன்றே. சோயாப்பாலிற் புரதம் ஏறக்குறையப் பசுப்பாலின் அளவே உண்டு. பால்வெல்லம் அறவே இல்லை. நல்ல நீர்வடிப்புள்ள வயல்களிற் சிறுபோகத்தில் நெல்லுக்குப் பதிலாக இதனைச் செய்கை பண்ணலாம் என்பதை அனுராதபுரம் மாவட்டக் கமக்காரர் நெடுங்காலமாகக் காட்டி வருகின்றனர். மூன்று மாதத்துக்குச் சற்றேறக்குறைய அறுவடைக்கு வரும். நெல்லைவிட நீரும் குறைவாகவே வேண்டும். விதை மட்டும் நாட்பட்டால் முளைதிறன் விரைவில் இழக்கும். ஆகவே, அண்மைப் போகத்தில் எடுத்த விதையையே வாங்கி, சிறிதளவு முளைக்கவிட்டுப் பார்த்தபின் விதைத்தல் வேண்டும்.

சோயாப்பால் காய்ச்சுவதில் இரு குற்றங்கள் நேர்கின்றன. ஒன்று பச்சை நாற்றம். மற்றொன்று சமிபாட்டுக் குறைவு. இரண்டுக்கும் மருந்து சூடே. ஒரு சுண்டு அவரையை எட்டு மணி நேரம் ஊறவைத்து, கைகளாற் தேய்த்துத் தோலை நீக்குக. பின்னர் கொதிக்கும் நீரிற் பத்து நிமிடம் இட்டு, அந்நீரைக் கொட்டிவிடுக. இதனைச் செய்யாமற் குளிர்நீரில் அரைப்பதாலேயே நாற்றம் எழுகின்றது. வெந்நீர் விட்டு மையாக அரைத்து, மொத்தம் எட்டுச் சுண்டு நீர் சேர்த்துத் துணியில் வடித்தெடுக்க வேண்டும். வடித்த பாலை அடிப்பிடியாமற் கிண்டிக்கொண்டு இருபது நிமிடம் கொதிக்க வைத்தல் கட்டாயம். பச்சைச் சோயாவிற் புரதச் சமிபாட்டைத் தடுக்கும் பொருள் ஒன்று உண்டு. போதிய கொதியாலேதான் அது அழியும். நுரை பொங்கியதைக் கொதித்ததென்று எண்ணி இறக்கிவிடுதல் வழமையான தவறு. இரம்பை இலைத்துண்டோ ஏலக்காயோ இட்டு, சிறிது சீனியும் ஒரு துளி உப்பும் சேர்த்தாற் பிள்ளைகளும் குடிப்பர். சக்கையை ரொட்டி மாவோடு பிசைந்து சுடலாம்.

ஆயினும், வீட்டிற் காய்ச்சிய சோயாப்பாலிற் கல்சியம் பசுப்பாலில் ஐந்திலொரு பங்கு அளவுக்கே உண்டு. அக்குறையை வேறிடத்திலிருந்து நிரப்ப வேண்டும். வளர்ந்தவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1000 மில்லிகிராம் கல்சியம் வேண்டுமென்பர். பெரிய கோப்பைப் பாலில் 300 மில்லிகிராம் கிடைக்கும். மேட்டுநிலத்தில் மழையோடு விதைக்கும் குரக்கனில் நூறு கிராம் மாவுக்கு 340 மில்லிகிராமளவு உண்டு. தானியத்திலுள்ள சில பொருட்கள் அதிற் கொஞ்சத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுமெனினும், அரிசியோடு ஒப்பிடுகையில் குரக்கன் எத்தனையோ மடங்கு மேல். குரக்கன் பிட்டையும் களியையும் வறியவர் உணவென்று ஒதுக்கிவிட்டோம்; அவ்வாறு ஒதுக்கிய வீடுகளிலேதான் கல்சிய மாத்திரை வாங்கப் பணம் செலவாகின்றது.

எள்ளிலும் கல்சியம் மிகுதி. ஆனால் அதிற் பெரும்பகுதி தோலில் உள்ளது. வெள்ளையாகத் தோல் நீக்கிய எள்ளைவிடத் தோலோடு வறுத்து இடித்த எள்ளுருண்டையே இதற்கு உகந்தது. வேலியில் நிற்கும் முருங்கையின் இலையும் அகத்தி இலையும் நிறைக்கு நிறை பாலைவிடக் கல்சியம் கூடியவை. தண்டுக்கீரை போன்றவற்றிலும் கல்சியம் உண்டெனினும், ஒட்சலேற்று என்னும் பொருள் அதனைக் கட்டிப்போடுகின்றது. அவற்றை அவித்து நீரை வடித்துவிட்டால் ஒட்சலேற்று ஓரளவு நீங்கும். மீன் உண்ணும் வீடுகளில் முள்ளோடு மென்று தின்னும் நெத்தலிக் கருவாடு இக்குறையை நன்கு நிரப்பும். உப்பு மிகையாதலால், சமைக்குமுன் ஊறவைத்துக் கழுவுக.

சைவ உணவு மாத்திரம் உண்போர் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. இரத்தத்துக்கும் நரம்புக்கும் வேண்டிய பி12 என்னும் விற்றமின் மரக்கறியிலோ தானியத்திலோ கிடைப்பதில்லை. மச்சமும் முட்டையும் உண்ணாத வீட்டுக்கு அதனைத் தருவது பாலும் தயிருமே. அத்தகைய வீட்டில் ஒருவர் வயிற்றுக்கு அஞ்சிப் பாலுணவு அனைத்தையும் ஒரேயடியாக விட்டுவிட்டால், குறை உடனே தெரியாது. சில ஆண்டுகள் சென்று சோர்வாகவும் கால் விறைப்பாகவும் வெளிப்படும். ஆதலால் அவர்கள் பாலை விட்டாலும் தயிரை விடாதிருத்தல் வேண்டும். தயிரும் முடியாதென்றால் வைத்தியரிடம் கேட்டு அவ்விற்றமினை மருந்தாகப் பெறுதல் வேண்டும்.

குழந்தைகள்

தகப்பனுக்கோ பாட்டனுக்கோ பால் ஒத்துக்கொள்ளாமை குழந்தைக்குப் பாலை நிறுத்தக் காரணமாகாது. நம் நாட்டுப் பிள்ளைகளிலும் முதற் சில ஆண்டுகளில் நொதியம் போதியளவு உண்டு. பிறவியிலேயே அது இல்லாத குழந்தை மிகமிக அரிது. தாய்ப்பாலிற் பால்வெல்லம் பசுப்பாலைவிட அதிகம், நூறு பங்குக்கு ஏழு பங்களவில் உண்டு. குழந்தை அதிற் செழித்து வளர்கின்றது. முதல் ஆறு மாதமும் தாய்ப்பால் மாத்திரமே. அதன்பின் மற்றைய உணவோடு இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம். தாய்க்குப் பசுப்பால் ஒத்துக்கொள்ளாவிட்டாலும் அவள் தாய்ப்பால் கொடுப்பதற்கு அது தடையன்று.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வீட்டிற் செய்த சோயாப்பால், தேங்காய்ப்பால், கஞ்சிநீர் ஆகிய எதனையும் தாய்ப்பாலுக்கு ஈடாகக் கொடுத்தலாகாது. பாலை நிறுத்த வேண்டுமென்று தோன்றினால், நிறுத்துமுன் குடும்பநல உத்தியோகத்தரைக் காண்க. விவசாயப் போதனாசிரியரைக் கேட்பது போதாது.

மேலே சொன்ன பெரியவர் வீட்டுக்கு அம்மையாரும் நானும் சேர்ந்தே போனோம். முற்றத்திற் பாய் போட்டு இருத்தினார், வெறுந்தேநீர் தந்தார். என் பிழையை நானே அவரிடம் சொன்னேன். "அதுக்கென்ன தம்பி, நான்தான் மிச்சத்தையும் சேர்த்துச் செய்தது" என்றார். குழந்தைக்கு அன்று மாலையே பசுப்பால் திரும்பக் கொடுக்கப்பட்டது. வயிறு ஒன்றும் செய்யவில்லை. சோற்றோடு முட்டையும் நெத்தலியும் பிசைந்து ஊட்ட அம்மையார் தாய்க்குக் காட்டிக் கொடுத்தார். அடுத்த இரண்டு நிறுவையிலும் கோடு மேலெழுந்தது. பெரியவர் முதலில் மதியச் சோற்றோடு இரண்டு அகப்பைத் தயிரில் தொடங்கினார். ஒரு மாதத்தின் பின் வரம்பில் மோர்ச்செம்போடு அவரைக் கண்டேன். இப்போது அவர் பசு கறக்கும் மூன்று போத்தலில் இரண்டு சேகரிப்பு நிலையத்துக்குப் போகின்றது. ஒன்று வீட்டில் நிற்கின்றது. அதில் அரைவாசி பிள்ளைக்கு, அரைவாசி தயிர்ச்சட்டிக்கு.